பழசு பக்கத்திலேயே

ஞாயிறு மதியம், அயனாவரம்.
கரண்ட் போய் வந்த பிறகு
அட்டைப்பெட்டியைப் பிரித்தான் எட்வின்.
மூன்று வெள்ளை உருண்டைகள்.
இட்லிகூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

ஒன்று வாசலறையில், பழைய மோடத்தின் காலடியில்.
ஒன்று பீரோவைத் தாண்டி, நடைவழி ஸ்டூலில்.
மூன்றாவது என் மேஜைக்கு,
இந்த வீட்டின் கடைசி மூலைக்கு,
ராத்திரி ஷிப்டில்
யாரோ ஒரு டெக்சாஸ்காரரின் முட்டிவலிக்கு
நான் எண் போடும் மூலைக்கு.

எண்பத்தொன்பதில் கட்டிய சுவர், ஒன்பது அங்குலம்.
ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.
சிக்னல் எம்மாத்திரம்.

கையேடு இவற்றை நோட் என்கிறது.
எனக்குக் கரும்பின் கணு நினைவுக்கு வந்தது.
கணுவுக்குக் கணு கைமாற்றி
ஈரம் ஏறுவதுபோல
வாசலிலிருந்து உள்ளே வருமாம்.
வரட்டும் பார்க்கலாம் என்றேன்.
சிவப்பு. சிவப்பு. ஆரஞ்சு.
நீலம் வருவதற்குள் காபி ஆறிவிட்டது.

பழைய நெட்வொர்க்கை நீக்கவா என்று கேட்டது ஆப்.
வேண்டாம், பக்கத்திலேயே கொஞ்ச நாள் இருக்கட்டும்.
இதற்கும் அதே பெயர் வைத்தால்
மாறியது தெரியாமலே எல்லாம் மாறிவிடும் என்றான் எட்வின்.
எனக்கு மனசு வரவில்லை.
வேறு பெயர் வைத்தோம்.
டிவியிடம் சொல்லி மாற்றினேன்.
வாசல் கேமராவிடம் மூன்று தடவை சொன்னேன்.
பிரிண்டர் காதில் வாங்கவே இல்லை,
அதைத் திட்டித்தான் மாற்றினோம்.

ஆறு மணிக்குப் பழைய பட்டியலைத் திறந்தால்
பூஜ்யம் இருக்க வேண்டும்.
ஒன்று இருந்தது.
ரெட்மி.
எங்கள் வீட்டில் ரெட்மி கிடையாது.

"யாரோ திருடறாங்க" என்றான் எட்வின்.
பாதி கோபம், பாதி சந்தோஷம்,
ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு துப்பு கிடைத்த சந்தோஷம்.
கேபிள் மோடம் வழியாகத்தானே வருகிறது,
அதை விட்டுவிட்டு
அதன் வைஃபையை மட்டும் அணைத்தான்.

பதினோரு நிமிஷம்.
காலிங் பெல்.

கீழ்வீட்டு ஷாகிதா.
கழுத்தில் இன்ச் டேப்,
உதட்டோரம் இன்னும் எடுக்காத குண்டூசி.
அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"அக்கா, உங்க வீட்ல நெட் வருதா?"

வெள்ளம் வந்த வாரமா, ஊரடங்கா,
ஏதோ ஒரு ராத்திரி மாடிப்படியில் நின்று
பாஸ்வேர்டை நானே சொன்னது
அப்போதுதான் எழுந்து வந்தது.
விற்றுவிட்ட ஸ்கூட்டியின் நம்பர்.
பிளவுஸ் பில்லின் பின்னால் எழுதிக்கொண்டு
"ஒரு வாரத்துக்குத்தான்கா" என்றாள்.

எட்வின் வாயைத் திறந்தான்.
நான் அவன் காலை மிதித்தேன்.
"வேலை நடக்குது ஷாகிதா,
அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."
"சும்மாதான் கேட்டேன்.
எங்க வீட்லயும் வரல."

எங்க வீட்லயும்.
இலக்கண வகுப்பில்கூட ஓர் 'உம்'
இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை.
பிசிர் தெரியாமல் உள்ளே மடித்துத் தைத்திருந்தாள்.

இப்போது எங்கள் காற்றில் இரண்டு பெயர்கள்.
புதியது அறைக்கு அறை சுற்றுகிறது.
பழையது, என் மூலைவரை ஒருநாளும் வந்து சேராதது,
தளத்தைத் துளைத்துக் கீழே இறங்குகிறது.
சேனல் ஒன்றில் அது, பதினொன்றில் இது.
இடித்துக்கொள்ளவில்லை.
மின்சாரச் செலவு என்று எட்வின் முணுமுணுத்தான்,
கணக்குப் போட்டான், மாசம் முப்பது ரூபாய்கூட வரவில்லை,
விட்டுவிட்டான்.

செவ்வாயன்று எவர்சில்வர் டப்பாவில் தால்ச்சா வந்தது.
பண்டிகை எதுவும் இல்லை.
அவள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

காலி டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது.
பாதிவரை சர்க்கரை போட்டேன்.
புதிய பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி
மூடிக்கடியில் வைத்தேன்.
படியிறங்கும்போது எடுத்துவிட்டேன்.

கொடுத்தால்,
எனக்குத் தெரியும் என்பது
அவளுக்குத் தெரிந்துவிடும்.